பானெட்டில் உள்ளங்கை அகலம்

என் மகன் சதீசன் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைப் பார்க்க வருவதில்லை. என் காரைப் பார்க்க வருகிறான். சுங்கை ஆராவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்டைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போர்ச்சிலேயே நின்று, கைப்பேசியில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு என் கறுப்பு மைவிக் காரைச் சுற்றி வருவான். குனிவான், நிமிர்வான், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவோரமாகப் பார்ப்பான். வாடகைக்கு விட்ட காரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். அது முடிந்த பிறகுதான் "மா, சாப்பாடு ரெடியா?" என்பான்.

இரண்டு வருஷமாக இது நடக்கிறது.

என் மேலும் தவறு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்கறி வாங்கப் போன ஜெலுத்தோங் பாசாருக்குப் பக்கத்துப் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது, வழியை மறித்து நின்ற மீன் லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எடுத்தேன். பின்னால் தூண் இருந்தது. நான் லாரிக்காரனைப் பார்த்தேன், தூணைப் பார்க்கவில்லை. பின்கதவு உள்ளே போய்விட்டது. யாருக்கும் அடிபடவில்லை, எனக்கும்தான். ஆனால் அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சதீசன் ஆரம்பித்துவிட்டான்.

"வயசாச்சுமா. அறுபது ஆச்சு. இன்னும் தினம் பாலம் தாண்டிப் போய் வரணுமா? வேலைய விட்டுடுங்க. காடிய வித்துடலாம்."

நான் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில், ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பிறகு, நானே தேடிப் பிடித்த வேலை. பஸ்ஸும் பெர்ரியும் மாறி மாறிப் போனால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் நான் வீட்டில் உட்கார்ந்து மகன் எப்போது வருவான், வந்தால் எங்காவது அழைத்துப் போவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால்தான் கத்தினேன். "இனிமே ஒரு கோடு விழட்டும். நானே சாவிய உன் கையில குடுத்துடுறேன். போதுமா?"

"சரிமா. நீங்க சொன்னதுதான்," என்றான் சதீசன், உடனே. கோபத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் கணவர் பரமநாதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் அழுத்தம். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. கார் ஓட்டுவதை நாலு வருஷம் முன்பே விட்டுவிட்டார். ஓட்டத் தெரிந்த ஒருத்தி மிச்சம் இருந்தாள், அவளையும் உட்கார வைக்கப் பேசுகிறார்கள், இவர் ரசம் பிசைகிறார்.

அன்றிலிருந்துதான் நான் ஒழுங்காகக் கார் கழுவக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் எல்லாரையும் போலத்தான். வாளித் தண்ணீரில் பாத்திரச் சோப்பைக் கரைத்து, பழைய பனியனால் வட்டவட்டமாகத் தேய்ப்பேன். ஜெலுத்தோங் பெரிய சாலையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன், கதவைச் சரி செய்த இடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இடிச்சது ஒரு இடத்துலதான். தேச்சே கெடுத்தது காடி முழுக்க," என்றார். வெயிலில் நிறுத்திக் காட்டினார். கறுப்புப் பெயின்ட் முழுவதும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். எல்லாம் என் பனியன் துணி போட்டவை.

இப்போது ஞாயிறு விடிந்ததும் நான் போர்ச்சில் நிற்கிறேன். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி ஒட்டியிருக்கும் மணலை இறக்க வேண்டும். பாலத்தில் தினம் இரண்டு முறை போய் வரும் காரில் லாரிப் புழுதியும் கடல் உப்பும் எவ்வளவு சேரும் என்று ஓட்டாதவர்களுக்குத் தெரியாது. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கம்பளி மாதிரி இருக்கும் கையுறையைச் சோப்பில் நனைத்து ஒரு கதவைத் துடைத்தால், மறுபடி சோப்பில் முக்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் எடுத்த மணலையே திரும்பக் கொண்டுபோய்ப் பூசுகிறோம். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். நேர்கோட்டில் இழுக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனி பிரஷ். துடைக்கும்போது தேய்க்கவே கூடாது, பெரிய டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவிப் பார்ப்பேன். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளிருந்து தடவினால் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாக்ஸ். மெல்லிசாகப் பூசி, மூட்டம் போட்டது போல் வெளுத்து வரும்வரை காத்திருந்து, சுத்தமான துணியால் எடுத்தால் கறுப்பு கண்ணாடியாக நிற்கும். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் பத்மாவதிக்குக் கார் மேல் பைத்தியம் என்கிறார்கள். பைத்தியமாம்! அறுபத்திரண்டு வயதில் முட்டி வலிக்க வலிக்கக் குந்திச் சக்கரம் தேய்ப்பது பளபளப்பைப் பார்த்து ரசிக்கவா? ஒன்பது மணிக்கு ஒருத்தன் டார்ச்சோடு வருவான். அவன் வந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

போன மாதம் இரண்டாவது ஞாயிறு அவனுக்குக் கிடைத்தது.

"மா, இங்க வாங்க."

குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த கரண்டியோடு வெளியே வந்தேன். பானெட்டின் முன்பக்கம், நடுவில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்திருந்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். அதற்குள் மயிரிழை மாதிரி நூறு கீறல்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. போர்ச் நிழலில் நின்று கழுவியதில் என் கண்ணில் அது படவே இல்லை. அவன் கண்ணில் முதலில் பட்டது என்பதுதான் எனக்கு அடிபட்டது போல் இருந்தது.

"இது மோதின கோடு இல்ல," என்றேன்.

"மோதினீங்கன்னு நான் சொன்னேனா? கோடு விழுந்தா சாவின்னு நீங்கதானே சொன்னீங்க."

"யாரோ பண்ணியிருக்காங்க."

"யாரு மா? காடி தினம் உங்க கையிலதானே லா இருக்கு."

"ஒரு வாரம் குடு. யாருன்னு கண்டுபிடிக்கிறேன்."

"கண்டுபிடிச்சு?"

"கைய ஒடிக்கிறேன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்க மாட்டேன். "சரி, அடுத்த ஞாயிறு. அதுக்கப்புறம் சாக்கு சொல்லக்கூடாது. எங்க ஆபீஸ் புவனேஸ்வரன்கிட்ட பேசி வெச்சிருக்கேன், அவன் மனைவிக்கு வாங்கிக்கிறானாம். இவ்வளவு கிளீனா இருக்கிற காடி வெளிய கிடைக்காதுன்னு சொல்றான்."

ஆள் பார்த்து வைத்துவிட்டான்! என்னிடம் கேட்காமல், என் காருக்கு, நான் முட்டி தேயத் தேய்த்த காருக்கு! கரண்டியை அவன் தலையில் போடாமல் உள்ளே வந்தது என் வாழ்க்கையிலேயே பெரிய பொறுமை. உள்ளே பரமநாதன் ரேடியோச் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "என்னவாம்?" என்றார். "ஒன்னுமில்ல, உங்க பிள்ளைக்குக் கண்ணு நல்லா தெரியுதாம்," என்றேன்.

முதலில் என் கோபம் பக்கத்து வீட்டு ரோஹானாவின் பூனை மேல் பாய்ந்தது. செம்பட்டை நிறத்தில் ஒரு தடிப் பூனை, பெயர் ஓயென். இன்ஜின் சூட்டுக்குப் பானெட்டில் ஏறிப் படுக்கும் வழக்கம் அதற்கு உண்டு. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும், கைப்பையைக்கூட வைக்காமல், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து மலாயில் பொரிந்து தள்ளினேன். பூனையைக் கட்டிப் போடத் தெரியாதவர்கள் எதற்குப் பூனை வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். ரோஹானா உள்ளே போய் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஓயென், பின்னங்காலில் கட்டோடு.

"ஆன்ட்டி, மோட்டார் சைக்கிள் இடிச்சு மூணு மாசமாச்சு. இவன் வெளிய வந்தே மூணு மாசம். ஆன்ட்டிக்குத் தெரியாதா?"

தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று மாதமாக ஒரு ஜீவன் முனகிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பெயின்டைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். வெட்கம் தாங்காமல் வீட்டுக்குள் வந்து, அந்தக் கோபத்தையும் சதீசன் கணக்கில் சேர்த்தேன்.

புதன்கிழமை கிளினிக் விடுமுறை. ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் காரைக் கழுவினேன். கடைசியாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டபோது விஷயம் தெரிந்தது. பானெட் முழுவதும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நடுவில் அந்த ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகப் படர்ந்து, வழிந்தது. அங்கே வாக்ஸே இல்லை. பூசி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மற்ற இடத்தில் இருக்கிற வாக்ஸ் அந்த ஒரு கை அகலத்தில் மட்டும் எங்கே போனது? கல் பட்டால் ஒரு புள்ளி விழும். மோதினால் ஒரு கோடு விழும். இது இரண்டும் இல்லை. தினம் தினம் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

நேரே அலாவுதீன் கடைக்கு ஓட்டிப் போனேன். அவர் வெயிலில் நிறுத்தச் சொல்லி, குனிந்து, பக்கவாட்டில் பார்த்தார்.

"துணி அக்கா. ஈரமில்லாத துணி. துணிக்கு அடியில ஏதோ பொடி. பொடியோட சேத்து வரட்டுத் துணியால துடைச்சிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல இது. மாசக்கணக்கா, அதே இடத்துல."

"யாரு தம்பி பண்ணுவா? என்னத்துக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க மேல யாருக்காவது காண்டா?"

என் மேல் யாருக்குத்தான் இல்லை! பார்க்கிங் காவலாளியிலிருந்து கிளினிக்கில் பல்லுக்கு வந்து என்னிடம் திட்டு வாங்கிய நோயாளி வரைக்கும் வரிசையாக ஆள் ஓடியது மனதில். அலாவுதீன் ஒரு சின்ன புட்டியை எடுத்துக் கொடுத்தார். "பாலிஷ். கையால அரை மணி நேரம் போடுங்க, மேல வாக்ஸ் போடுங்க. உங்க மகன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் தெரியாது." அவருக்கு என் ஞாயிற்றுக்கிழமைக் கதை தெரியும். ஜெலுத்தோங்குக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் மறைந்திருக்கும். ஆனால் செய்தவர் யார் என்று தெரியாமல் மறைத்து என்ன பயன்? அடுத்த மாதம் மறுபடி வரும். வெள்ளிக்கிழமை மாலை பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பானெட்டின் முன் விளிம்பில், கார் கம்பெனிச் சின்னத்தின் இடுக்கில் துருவினேன். வெள்ளையாக ஒரு பசை வந்தது. புழுதி என்றால் பழுப்பாக இருக்க வேண்டும். விரலில் எடுத்துக் காய வைத்துத் தேய்த்தேன். மாவாக உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

திருநீறு.

எங்கள் வீட்டில் திருநீற்றுக் கிண்ணத்தில் கை வைக்கிறவர் ஒரே ஆள்தான். நான் வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுத்தால் பூசுவதோடு சரி. ஆனாலும் நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் உண்மை. அன்று சாப்பாட்டில் அவரைப் பார்த்தேன். வழக்கம்போல் தட்டைத் தன் பக்கம் திருப்பி, எது எங்கே இருக்கிறது என்று தலையை அசைத்துப் பார்த்துச் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஏழரைக்குப் புறப்படுவேன். ஏழு மணிக்குக் காப்பியை அடுப்பில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, சமையலறை ஜன்னலோரம் நின்றேன். குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் பட்டையோடு பரமநாதன் வெளியே வந்தார். பேப்பர் எடுக்க வருகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பேப்பர் காலடியிலேயே கிடந்தது, எடுக்கவில்லை. காரின் மட்கார்டைக் கையால் தொட்டுத் தொட்டு முன்னால் போனார். பானெட்டின் நடுவைத் தடவிக் கண்டுபிடித்தார். இடது உள்ளங்கையில் வைத்திருந்த திருநீற்றில் மூன்று விரலைத் தொட்டு, பானெட்டில் குறுக்காக இழுத்தார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். பிறகு வேட்டி நுனியைத் தூக்கி அவசர அவசரமாகத் துடைத்தார். விட்டுப் போயிருக்குமோ என்று இன்னொரு தரம் துடைத்தார். இன்னொரு தரம்.

உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி வெளியே போனேன் என்று தெரியாது.

"என்னங்க பண்றீங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

"துடைச்சிட்டேனே பத்மா," என்றார்.

"துடைச்சதுதான் கோடு! சாம்பலப் போட்டு வரட்டுத் துணியால தேச்சா பெயின்ட் என்னத்துக்கு ஆகும்? எத்தன நாளா?"

"தைப்பூசத்துக்கு மறுநாள்லேருந்து. ரேடியோவுல சொன்னான், பாலத்துல லாரி கவுந்திருச்சுன்னு. நீ அன்னிக்கு வர ஒரு மணி நேரம் லேட்."

"ஆறு மாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"பானெட்டு மேல பாசார் கூடைய வெச்சதுக்கே அந்தக் கத்து கத்துன. திருநீறு பூசுறேன்னு சொன்னா விட்டிருப்பியா? நீ பாக்கக் கூடாதுன்னுதான் தினம் துடைச்சிட்டேன்."

"உங்க கையாலேயே என் சாவியப் பிடுங்கி உங்க பிள்ளைகிட்ட குடுக்கப் பாத்தீங்களே! நாளைக்கு வந்து கேப்பான், என்ன சொல்வேன்? அவன் ஆள் பாத்து வெச்சிருக்கான், தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகம் சுருங்கியது. அந்த ஞாயிறு சதீசன் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகும் திங்கள் காலை வந்து பூசியிருக்கிறார், செவ்வாய் பூசியிருக்கிறார். தன் துணிதான் அந்த வேலையைச் செய்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பளபளப்பான ஒன்றைத் துடைத்தால் இன்னும் சுத்தமாகும் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். நானும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். தேற்றவில்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று மாலை பாலிஷ் புட்டியைக் கையில் எடுத்தேன், திறந்தேன், மூடி வைத்தேன். மறைக்க வேண்டியது நான் செய்ததாக இருந்தால் மறைக்கலாம். இதை நான் எதற்கு மறைக்க வேண்டும்? இருக்கட்டும், அவன் பார்க்கட்டும், காரணத்தையும் கேட்கட்டும். உண்மை தெரிந்தால் அவன் வாயடைத்துப் போவான் என்று நான் மனதார நம்பினேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு வந்தான். டார்ச்சை அவன் எடுப்பதற்கு முன்பே நான் பானெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"கண்டுபிடிச்சிட்டேன். உங்கப்பா. தினம் காலையில திருநீறு பூசி வேட்டியால துடைச்சிருக்கார். அதான் இது. நான் ஓட்டி விழுந்த கோடு இல்ல. நான் ஓட்டாதப்போ விழுந்த கோடு."

சதீசன் பானெட்டைப் பார்த்தான். வாசற்படியில் நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். "நிஜமாவா பா?"

பரமநாதன் தலையை ஆட்டினார்.

நான் எதிர்பார்த்த மாதிரி அவன் வாயடைத்துப் போகவில்லை. மெதுவாகத்தான் சொன்னான், திட்டக்கூட இல்லை. "பாத்தீங்களா மா. எனக்கு மட்டும் இல்ல. அப்பாவுக்கே பயம். நீங்க ஓட்டிட்டுப் போய் உயிரோட வரணும்னு தினம் சாமி கும்பிடுறார். இதுக்கு மேல என்ன வேணும்? குடுங்க, சாவிய."

கையை நீட்டினான்.

நான் பரமநாதனைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார், பழக்கம் என்று சொல்வார், எல்லாரும் வண்டிக்குப் பூசுவதுதானே என்றாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அந்த நீட்டிய கையைவிட அந்த மௌனம்தான் எனக்கு வலித்தது. ஆறு மாதமாக நான் காரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு காலையும் இந்த மனிதர் நான் திரும்பி வருவேனா என்று நினைத்திருக்கிறார். டார்ச் அடித்தவனை நான் பகைத்துக்கொண்டேன். நான் சோறு போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்தும் விட்ட மனிதரை என் பக்கத்து ஆள் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உறைத்ததும் வந்த கோபத்துக்கு முன்னால் இதுவரை பட்ட கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை.

"உக்காரு," என்றேன் சதீசனிடம்.

"என்னமா?"

"முன் சீட்ல உக்காரு. ரெண்டு வருஷமா என் பெயின்டப் பாக்குற. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஓட்டுறதப் பாத்திருக்கியா? பக்கத்துல உக்காந்திருக்கியா? கண் டாக்டர்கிட்ட அப்பாவக் கூட்டிட்டுப் போகணும்னா நீ லீவு போட்டு வர்ற, இல்ல அவர் டாக்ஸி பிடிக்கிறார். வீட்டுல காடி நிக்குது, நான் நிக்கிறேன். ஒருத்தர் ஏறல! ஏறாமலேயே என் கண்ணு போச்சு, காலு போச்சுன்னு முடிவு பண்ணிட்டீங்க ரெண்டு பேரும். நானும் மடச்சி மாதிரி தேச்சுத் தேச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வா. பாலம் தாண்டி செபராங் ஜெயா போய்ட்டு வரலாம். நான் ஓட்டுறதப் பாத்துட்டு சாவிய எடுத்துக்க. நான் ஒரு வார்த்தை பேசல."

"மா, டிராமா வேணாம் லா."

"உக்காருடா!"

ரோஹானா வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

சதீசன் கையை இறக்கினான். பாக்கெட்டில் விட்டான், எடுத்தான். காரைப் பார்த்தான். கதவைத் திறக்க அவன் கை போகவே இல்லை. "எனக்கு வேலை இருக்குமா," என்றான் கடைசியில். அவன் பொய் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அவன் ஆறு வயதிலிருந்தே தெரியும். அவனுக்குப் பயம். என் பக்கத்தில் உட்காரப் பயம். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, தூணில் ஒரு முறை இடித்த அம்மாவின் காரில் ஏறப் பயந்துகொண்டு போர்ச்சில் நிற்கிறான்.

நான் ஓட்டுநர் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினேன். தனியாகவே போவேன், போய்விட்டு வந்து அதே சாவியை அவன் முகத்தில் விட்டெறிவேன், புவனேஸ்வரனே வைத்துக்கொள்ளட்டும் என்றுகூட நினைத்தேன்.

பக்கத்துக் கதவு திறந்தது. பரமநாதன். செருப்பு போடாமல், வீட்டு வேட்டியோடு. மட்கார்டைத் தொட்டு, கண்ணாடியைத் தொட்டு, கதவைக் கண்டுபிடித்திருக்கிறார். குனிந்து உள்ளே நுழையும்போது தலையை இடித்துக்கொண்டார். சீட் பெல்ட்டை எங்கே இழுப்பது என்று தோளுக்கு மேல் துழாவினார். நான் எட்டி இழுத்து மாட்டிவிட்டேன்.

"பா, நீங்க எங்க போறீங்க?" என்று சதீசன் கேட்டான்.

"உங்கம்மாவோட," என்றார் அவர். "கேட்டத் திற."

சதீசன் போய்க் கேட்டைத் திறந்துவிட்டான்.

ரிவர்ஸ் எடுத்தேன். யாரையும் திட்டாமல் எடுத்தேன். கடலோர நெடுஞ்சாலையில் ஞாயிறு காலை என்பதால் கூட்டம் குறைவு. பரமநாதன் ஏறினதும் ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தவர்தான், விடவே இல்லை. நான் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அவர் காலும் தரையை மிதித்தது. பாலத்தில் ஏறினதும் காற்றின் சத்தம் மாறியது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பாலமா?"

"பாலம்தான்."

"எவ்வளவுல போற?"

"எழுபத்தஞ்சு."

இடது பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி. அவருக்கு அது தெரியாது, ஆனால் அதன் அதிர்வு தெரியும். கைப்பிடியில் அவர் விரல்கள் வெளுத்திருந்தன. பானெட்டில் பூசும் அந்த மூன்று விரலும்தான். லாரியைத் தாண்டி முன்னால் போனேன்.

"பயமாத்தான் இருக்கு பத்மா," என்றார்.

ஆறு மாதமாகப் பானெட்டிடம் சொன்னதை என்னிடம் சொல்கிறார். எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை, கோபம்தான் வந்தது, இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று.

"இறங்கணுமா?" என்றேன்.

"பாலத்துல எங்க இறங்குறது?" என்றார் பரமநாதன், கைப்பிடியை விடாமலே. "நீ ஓட்டு."

ஓட்டினேன்.